நோகாத வருத்தத்துக்கு ஏன் குளிசை?

சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த வேளையில், அறுபது வயதைக் கடந்த கமக்காரர் ஒருவர் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். சொந்தக் காணியை விட்டு இடம்பெயர்ந்தவர் அவர். உறவினர் ஒருவரின் வளவில் கொட்டில் போட்டு, குத்தகைக்கு எடுத்த சில பரப்புத் தோட்டத்தறையில் மிளகாயும் வெங்காயமும் செய்கிறார்.

"தம்பி, எனக்குத் தலையிடியுமில்லை, மயக்கமுமில்லை. மண்வெட்டி பிடிச்சால் இளம்பெடியளுக்குச் சரியா நிண்டு கொத்துவன். கிளினிக்கிலை பிரஷர் எண்டு சொல்லி ஒவ்வொரு நாளும் குளிசை போடச் சொல்லுகினம். நோகாத வருத்தத்துக்கு ஏன் குளிசை? அது வேலை செய்யுது எண்டு ஆர் கண்டது?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் விசாரித்தபோது, அவர் இரண்டு மாதமாகக் குளிசையே எடுக்கவில்லை என்று தெரியவந்தது. கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும்; பஸ் காசு வேறு. சுகமாக இருக்கும் உடம்புக்காக அந்த நட்டத்தை ஏன் பட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அங்கிருந்த இன்னும் மூன்று பேர் தாங்களும் அப்படியே விட்டுவிட்டதாக மெதுவாகச் சொன்னார்கள்.

அவருடைய கேள்வி சிரித்துத் தள்ளிவிடக்கூடியதன்று. "ஆர் கண்டது?" என்று கேட்பது ஒரு நல்ல கமக்காரனின் குணம். புதிய விதையோ பசளையோ வந்தால் அவன் கேட்பதும் இதே கேள்விதான். ஆகவே இந்தப் பாடத்தில் அக்கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடுவோம்.

பிரஷர் என்றால் என்ன?

நீர்ப்பம்பியால் தோட்டத்துக்கு இறைப்பவர்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமன்று. பம்பி தள்ளும் நீர் றப்பர் குழாயின் சுவரை உள்ளிருந்து அழுத்துகிறது. குழாயின் வாயை விரலால் அடைத்தால் அழுத்தம் கூடும். ஒரு நாளில் குழாய் வெடிப்பதில்லை. ஆனால் மாதக்கணக்காக அப்படியே இறைத்தால் ஒரு நாள் பொருத்துவாய் கழரும், அல்லது பழைய இடத்தில் குழாய் பிளக்கும். பம்பியும் களைத்துப் போகும்.

எமது இருதயம் பம்பி. இரத்தக்குழாய்கள் அந்தக் குழாய்கள். கிளினிக்கில் கையில் பட்டி சுற்றிப் பார்க்கும்போது இரண்டு எண்கள் சொல்வார்கள். மேல் எண், இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போதுள்ள அழுத்தம். கீழ் எண், இருதயம் தளர்ந்து ஆறும்போதுள்ள அழுத்தம். வெவ்வேறு நாட்களில் அளந்து பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால், அதை உயர் குருதி அமுக்கம் என்கிறோம்.

இரத்தக்குழாயின் சுவர் இந்த அழுத்தத்தை எமக்கு நோவாகச் சொல்வதில்லை. சொல்லாமலே ஆண்டுக்கணக்காகத் தேய்கிறது. மூளைக்குப் போகும் குழாய் அடைத்தால் அல்லது வெடித்தால் பாரிசவாதம். இருதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் குழாய் அடைத்தால் மாரடைப்பு. சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் கெட்டால் சிறுநீரகம் செயலிழக்கும். நோவு தெரியும் நாளில் சேதம் முன்னரே நடந்து முடிந்திருக்கும்.

ஒரு சனாதிபதியின் மரணம்

இது ஏழைகளின் அறியாமையால் வந்த பிரச்சினை என்று எவரும் எண்ண வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் சனாதிபதியாக இருந்தவர் பிராங்ளின் ரூஸ்வெல்ட். அவருடைய பிரஷர் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போனது. 1945 ஏப்ரல் 12ஆம் திகதி தலையின் பின்புறத்தில் கடுமையான நோவு என்று சொல்லிச் சரிந்தவர், அன்றே மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். அன்று அளக்கப்பட்ட பிரஷர் 300/190. உலகின் பெரிய வைத்தியர்கள் பக்கத்தில் இருந்தும், அந்நாளில் அவருக்குக் கொடுக்கப் பயனுள்ள குளிசை இருக்கவில்லை. வயது போனால் பிரஷர் ஏறுவது இயல்பு, அதைக் குறைக்கக்கூடாது என்று கருதிய வைத்தியர்களும் அக்காலத்தில் இருந்தார்கள்.

1948ஆம் ஆண்டு அந்த நாட்டின் பிரமிங்ஹாம் என்ற சிறு நகரில் 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கியது. அவர்களுக்கு மருந்து எதுவும் கொடுக்கவில்லை. பிரஷர், கொழுப்பு, புகைப்பழக்கம் என்பவற்றை எழுதி வைத்து, யாருக்கு மாரடைப்பும் பாரிசவாதமும் வருகின்றன என்று ஆண்டாண்டாகக் கவனித்தார்கள். பிரஷர் கூடியவர்களுக்கே வருத்தமும் கூட வந்தது. ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சியது. பிரஷரை மருந்தால் குறைத்தால் வருத்தமும் குறையுமா? கவனிப்பதால் மட்டும் இதற்குப் பதில் கிடைக்காது. பரீட்சித்துப் பார்க்க வேண்டும்.

வயலில் பிறந்த பரீட்சை

விவிலியத்தில் தானியேலின் கதையை நாம் அறிவோம். அரசனின் உணவை மறுத்த தானியேலும் மூன்று தோழர்களும், பத்து நாட்களுக்கு எமக்கு மரக்கறியும் தண்ணீரும் தாருங்கள், பிறகு அரச உணவு உண்ணும் இளைஞருடன் எம்மை ஒப்பிட்டுப் பாருங்கள் என்று கேட்டார்கள். பேசித் தீர்க்காமல் ஒப்பிட்டுத் தீர்க்கச் சொன்னது அந்தக் கதையின் அழகு. ஆனால் இன்றைய ஆய்வாளர் ஒருவர் அங்கே நின்றிருந்தால் ஒரு கேள்வி கேட்டிருப்பார்: "அந்த நால்வரும் முதலிலேயே மற்றவர்களைவிடச் சுகதேகிகளாக இருந்திருக்கலாம் அல்லவா?"

இதையே வயலில் பாருங்கள். புதிய நெல்லினத்தைப் பள்ளக்காணியில் வண்டல் மண்ணில் விதைத்து, பழைய இனத்தை மேட்டுத்துண்டில் விதைத்துவிட்டு, புதியது நல்லது என்று சொன்னால் யார் ஒப்புவார்கள்? விளைந்தது விதையாலா, மண்ணாலா?

இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னது ஒரு கமத்தொழில் ஆய்வு நிலையமே. இங்கிலாந்தின் ரொதாம்ஸ்ரெட் நிலையத்தில் 1919ஆம் ஆண்டு வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் பிஷர் என்ற கணித அறிஞர், வயலைப் பல சிறு துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டுக்கு எந்தப் பசளை என்பதை மனிதர் தெரியாமல் திருவுளச்சீட்டுப் போட்டே தீர்மானிக்க வேண்டும் என்று 1920களில் எடுத்துக் காட்டினார். சீட்டு ஆள் பார்க்காது, மண் பார்க்காது. நல்ல துண்டும் கெட்ட துண்டும் இரு பக்கத்திலும் கலந்து விழும். பிறகு விளைச்சலில் பெரிய வித்தியாசம் தெரிந்தால், அது பசளையால் வந்தது என்று துணிந்து சொல்லலாம்.

இந்த முறை பின்னர் வைத்தியசாலைக்கு வந்தது. பிரித்தானியாவில் 107 காசநோயாளரைச் சீட்டு முறையில் இரு பகுதியாக்கி, 55 பேருக்கு ஸ்ரெப்ரோமைசின் ஊசியும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் ஊசி பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்தனர். 1948ஆம் ஆண்டு வெளிவந்த இந்த முடிவு மருத்துவ ஆய்வின் போக்கையே மாற்றியது. கமக்காரனின் வயல் துண்டிலிருந்து நோயாளியின் கட்டிலுக்கு வந்த முறை இது என்பதில் நாம் சற்றுப் பெருமைப்படலாம்.

குளிசைக்கு வந்த பரீட்சை

இப்போது ஐயாவின் கேள்விக்கு வருவோம். 1960களில் அமெரிக்காவில் எட்வர்ட் பிரைஸ் என்ற வைத்தியரின் தலைமையில், முன்னாள் படைவீரருக்கான வைத்தியசாலைகள் சேர்ந்து இப்பரீட்சையைச் செய்தன. கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்களைச் சீட்டு முறையில் பிரித்தார்கள். 73 பேருக்கு மருந்துக் குளிசை. 70 பேருக்குப் பார்வைக்கு அதேபோன்ற, மருந்தில்லாத வெற்றுக் குளிசை.

1967ஆம் ஆண்டு முடிவு வெளியானது. வெற்றுக் குளிசை எடுத்த 70 பேரில் 27 பேருக்குப் பாரதூரமான பாதிப்பு வந்தது. 4 பேர் இறந்தனர். மருந்து எடுத்த 73 பேரில் பாதிப்பு வந்தவர்கள் 2 பேரே, ஒருவரும் இறக்கவில்லை. கீழ் எண் 90 முதல் 114 வரையிருந்த 380 பேரை வைத்துச் செய்த அடுத்த பரீட்சை 1970இல் வெளிவந்தது. பிரஷராலும் இரத்தக்குழாய் தடித்ததாலும் இறந்தவர்கள் வெற்றுக் குளிசைப் பகுதியில் 19, மருந்துப் பகுதியில் 8.

"ஆர் கண்டது?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். அந்த மனிதர்களில் எவரிடம் வைத்தியர் அன்பாக இருந்தார், எவர் பணக்காரர் என்பவற்றால் வந்த வித்தியாசமன்று இது. சீட்டு அவற்றையெல்லாம் சமப்படுத்திவிட்டது.

இந்த எண்களில் இன்னொரு பாடமும் உண்டு. வெற்றுக் குளிசை எடுத்த 70 பேரில் 43 பேருக்கு அந்தக் காலத்துக்குள் பெரிய பாதிப்பு ஒன்றும் வரவில்லை. அவர்களில் ஒருவர் எமது ஊரில் இருந்திருந்தால், "நான் ஒரு குளிசையும் போடேல்லை, கல்லுப் போலை இருக்கிறன்" என்று சொல்லியிருப்பார். அவர் சொல்வது பொய்யன்று. ஆனால் அந்த 27 பேரும் நோய் வருவதற்கு முந்திய நாள்வரை அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். யார் 43இல் ஒருவர், யார் 27இல் ஒருவர் என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் முடியாது. மழை வருமா என்று தெரியாமலே வரம்பு கட்டி வைப்பதுபோல, குளிசையும் முன்கூட்டிச் செய்யும் காவல்.

இங்கே ஒரு சுவையான செய்தி. அந்தப் பரீட்சையில் பயன்பட்ட மூன்று மருந்துகளில் ஒன்று, எமது நாட்டு வைத்தியர்கள் அறிந்த சர்ப்பகந்தி என்ற செடியின் வேரிலிருந்து வந்தது. பம்பாயைச் சேர்ந்த ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற வைத்தியர், அந்த வேர் பிரஷரைக் குறைப்பதை 1949இல் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் எழுதி உலகத்துக்கு அறிவித்தார். நாட்டு மருந்து என்பதற்காக ஆய்வு அதைத் தள்ளவில்லை. பரீட்சித்து, அளவு கண்டு, ஏற்றுக்கொண்டது. அதே ஆய்வு அதன் தீமையையும் காட்டியது. அளவு கூடினால் மனச்சோர்வு உண்டாகலாம் என்பதால் இன்று அதை அதிகம் கொடுப்பதில்லை. அதைவிட நல்ல குளிசைகள் உண்டு. ஆகவே வேரை இடித்துக் குடிக்கும் வேலை வேண்டாம்.

எமது நாட்டிலும் கண்டது

"அது வெள்ளைக்காரரின் உடம்பு, எங்களுக்குச் சரிவருமோ?" என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு.

இலங்கையின் 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பிரஷர் நோயாளரைச் சேர்த்து நடந்த ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான வைத்தியம். மறு பகுதியினருக்கு மூன்று மருந்துகளைச் சிறிய அளவில் சேர்த்துச் செய்த ஒரே குளிசை. ஆறு மாதத்தின் பின், வழக்கமான வைத்தியம் பெற்றவர்களில் 100க்கு 55 பேரின் பிரஷர் வேண்டிய அளவுக்கு இறங்கியது. சேர்க்கைக் குளிசை பெற்றவர்களில் 100க்கு 70 பேருக்கு இறங்கியது. எமது மக்களின் உடம்பிலும் மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இது சாட்சி.

2020இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு கிராமங்களையே எடுத்தது. இலங்கை, வங்காளதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலும் பத்துப் பத்தாக 30 கிராமப்புறச் சமூகங்கள், 2,645 பேர். பாதிச் சமூகங்களில் பயிற்றப்பட்ட சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகச் சென்று பிரஷர் அளந்து, உணவைப் பற்றியும் குளிசையைப் பற்றியும் பேசி, கூடியவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளின் பின் அந்தச் சமூகங்களில் மேல் எண் 9 இறங்கியிருந்தது. மற்றச் சமூகங்களில் இறங்கியது 4 அளவிலேயே. கட்டடமும் கருவியும் பெரிதாக இல்லாத இடத்திலும், வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே வந்து கேட்க ஓர் ஆள் இருந்தால் பலன் உண்டு என்பதே இதன் செய்தி. அந்த ஆள் எமது சங்கத்திலிருந்தும் வரலாம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில் இலங்கையரும் சேர்ந்திருந்தனர். தென்னாசிய நாட்டவருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59 என்றும் அந்த ஆய்விலிருந்து தெரியவந்தது. புகைத்தல், கெட்ட கொழுப்பு, பிரஷர், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன நெருக்கடி என்பன மாரடைப்போடு சேர்ந்து நின்றன. நாளாந்தம் மரக்கறி பழம் உண்பதும் உடலுழைப்பும் காவலாக நின்றன. காணி இழந்து, உழைப்பு இழந்து, நாளை என்னவென்று தெரியாமல் இருக்கும் குடும்பத்துக்கு மன நெருக்கடியும் உழைப்பின்மையும் எவ்வளவு தூரம் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

உப்புப் பற்றிய கிராமப் பரீட்சை

சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரை வைத்து நடந்த பரீட்சை 2021இல் வெளிவந்தது. முன்பு பாரிசவாதம் வந்தவர்களும், பிரஷர் உள்ள அறுபது வயதுக்காரரும் அதில் இருந்தனர். சீட்டு விழுந்த கிராமங்களுக்கு, வழக்கமான உப்பில் கால் பங்கை எடுத்துவிட்டுப் பொற்றாசியம் உப்புக் கலந்த உப்பைச் சமையலுக்குக் கொடுத்தார்கள். மற்றக் கிராமங்கள் வழக்கமான உப்பையே பாவித்தன. ஐந்து ஆண்டளவில் பார்த்தபோது, மாற்று உப்புப் பாவித்த கிராமங்களில் பாரிசவாதம் 100க்கு 14 பங்கும், மரணம் 100க்கு 12 பங்கும் குறைந்திருந்தன. வாழ்க்கையில் வேறொன்றையும் மாற்றாமல், அடுப்பங்கரை உப்புச் சிரட்டையில் மட்டும் செய்த மாற்றம் இது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சிறுநீரக நோயுள்ளவர்களுக்குப் பொற்றாசியம் உப்பு ஆபத்தானது. அவர்களின் உடம்பு அதை வெளியேற்றாது, இருதயம் நின்றுவிடலாம். எமது கமத்தொழில் பிரதேசங்கள் சிலவற்றில் சிறுநீரக நோய் பரவலாக உள்ளது. எனவே வைத்தியரைக் கேளாமல் அந்த உப்பை வாங்க வேண்டாம். எல்லோரும் ஆபத்தின்றிச் செய்யக்கூடியது, போடும் உப்பைக் குறைப்பதே. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாகவே உப்புப் போதுமென உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருவாடு, அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய், கடையில் வாங்கும் மிக்சர் ஆகியவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் அடங்கும். நிவாரண அரிசியும் பருப்பும் கருவாடும் தவிர வேறு கறி கிடையாத நாட்களும் உண்டென்பதை அறிவோம். அந்த நாட்களில் கருவாட்டை நன்றாக ஊறவைத்துக் கழுவி, அந்தக் கறிக்கு வேறு உப்புப் போடாமல், தேசிக்காய்ப் புளியும் மிளகும் கறிவேப்பிலையும் கூட்டிச் சமைக்கலாம்.

மாரடைப்பு வந்துவிட்டால்

வருத்தம் வந்த பின்னும் ஆய்வு கைவிடவில்லை. 16 நாடுகளின் 417 வைத்தியசாலைகளில் 17,187 மாரடைப்பு நோயாளரை வைத்து நடந்த பரீட்சை 1988இல் வெளிவந்தது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ரெப்ரோகைனேஸ் ஊசி, மலிவான அஸ்பிரின் குளிசை, இரண்டும் சேர்த்து, இரண்டுமில்லாமல் என நான்கு பகுதி. ஐந்து கிழமைக்குள் இருதய, இரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள், இரண்டும் கிடைக்காதவர்களில் 1000க்கு 132 பேர். இரண்டும் கிடைத்தவர்களில் 1000க்கு 80 பேர். முந்திக் கொடுத்தால் பலன் கூட.

எனவே நெஞ்சின் நடுவே இறுக்கம் அல்லது பாரம், அது கைக்கோ கழுத்துக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் என்பன வந்தால், "வாய்வு" என்று சொல்லி உள்ளியும் இஞ்சியும் இடித்துக்கொண்டு விடியும்வரை இருக்க வேண்டாம். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் நோவு குறைவாகவே தெரியலாம். காரணமில்லாத களைப்பும் ஓங்காளமும் மட்டுமாக இருக்கலாம். ஒருவரின் வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால் அது பாரிசவாதம். இரண்டுக்கும் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பாரிசவாதம் என்று ஐயமிருந்தால் வீட்டில் அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. உள்ளே இரத்தம் கசிந்திருந்தால் அது இன்னும் கசியச் செய்யும்.

அஸ்பிரின் நல்லதென்றால், சுகமாக உள்ளவர்களும் நாளுக்கு ஒன்று போடலாமே என்ற எண்ணம் பலரிடம் இருந்தது. அதையும் பரீட்சித்தார்கள். அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 சுகதேகி முதியோரை வைத்து நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. இருதய நோய் கணிசமாகக் குறையவில்லை. பெரிய இரத்தக்கசிவு மட்டும் கூடியது. ஆகவே அயல்வீட்டுக்காரர் போடுகிறார் என்று நாமும் போடக்கூடாது. அதேவேளை, முன்பு மாரடைப்பு வந்து வைத்தியர் எழுதிக் கொடுத்தவர்கள் அதைத் தாமாக நிறுத்தவும் கூடாது. ஒரே குளிசை ஒருவருக்குக் காவல், மற்றவருக்கு ஆபத்து. இந்த வேறுபாட்டை எமக்குச் சொன்னதும் நீதியான பரீட்சையே.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் செய்யக்கூடியவை

1. கிளினிக் கொப்பியைக் காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம் ஆகியவற்றுடன் ஒரே பொலித்தீன் உறையில் வையுங்கள். ஓட வேண்டி வந்தால் அந்த உறையோடு குளிசைப் பையும் வர வேண்டும்.

2. குளிசைகளின் பெயரையும் அளவையும் ஒரு கடதாசியில் எழுதி, பிள்ளை ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். கொப்பி தொலைந்தாலும் புதிய இடத்து வைத்தியசாலையில் அது உதவும். எந்த மாவட்டத்தவராயினும் அரச வைத்தியசாலையில் இலவசமாகப் பார்க்கலாம்.

3. குளிசை முடிந்த பின் போகாமல், ஒரு கிழமைக்குரியது மிச்சமிருக்கும்போதே கிளினிக்குக்குப் போங்கள்.

4. பிரஷர் இறங்கிவிட்டதென்று குளிசையை நிறுத்த வேண்டாம். இறங்கியது குளிசையால். தலைச்சுற்று, இருமல், கால் வீக்கம் போன்ற தொந்தரவு வந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். வேறு குளிசை மாற்றித் தருவார். அயலவரின் குளிசையைக் கடன் வாங்க வேண்டாம்.

5. 35 வயதைக் கடந்த எல்லோரும் ஆண்டுக்கொரு தரமாவது பிரஷரும் சீனியும் பார்க்க வேண்டும்.

6. சுருட்டு, பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை அனைத்தையும் விடுங்கள். எமது மண்ணில் புகையிலை காசுப் பயிர் என்பது உண்மை. விற்றவர் வீட்டிலும் அது நோயைத் தந்தது என்பதும் உண்மை.

7. தறை இல்லாதவர்களும் கொட்டிலைச் சுற்றி முருங்கை, பொன்னாங்காணி, கீரை, பயற்றை வைக்கலாம். உணவுக்கும் ஆகும், கொத்தி நீரூற்றும் உழைப்பு உடம்புக்கும் மனதுக்கும் ஆகும்.

8. சங்கங்கள் முறைவைத்து ஒருவரை அனுப்பி, பலரின் கிளினிக் நாளை ஒரே நாளாக்கித் தரும்படி வைத்தியசாலையில் கேட்கலாம். ஒரு வாகனம் பிடித்து ஒன்றாகப் போனால் பஸ் காசும் நேரமும் மிஞ்சும். நடக்க முடியாதவர் வீட்டுக்கு இளைஞர் ஒருவர் போய், "குளிசை இருக்கா?" என்று கேட்டாலே அது பெரிய சேவை.

முடிவாக

அடுத்த கூட்டத்தில் இந்த எண்களை நாம் அந்த ஐயாவிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அந்த எழுவது பேருக்கும் வெத்துக் குளிசை எண்டு தெரியுமோ?" தெரியாது என்றோம். "அப்ப அந்த இருபத்தேழு பேரும் எங்களுக்காண்டித்தான் விழுந்திருக்கினம்" என்றார்.

அவர் சொன்னதற்கு மேல் நாம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் உடம்பைக் கொடுத்து அறிந்து தந்த உண்மை எமது கைக்கு இலவசமாக வந்திருக்கிறது. உயிர் இறைவன் எமக்கு ஒப்படைத்த காணி. வேறு காணிகளை எம்மிடமிருந்து பறிக்க முடிந்தது. இந்தக் காணியின் வரம்பைக் காப்பது இன்னும் எமது கையிலேயே இருக்கிறது. ஐயா அந்த மாதக் கிளினிக்குக்குப் போனார். தம்மோடு மற்ற மூவரையும் கூட்டிக்கொண்டு போனார்.

குழுவாகச் சிந்திக்க

1. எமது சங்கத்தில் பிரஷர், நீரிழிவுக் குளிசையை இடையில் விட்டவர்கள் எத்தனை பேர்? விட்டதற்குக் காரணம் காசா, தூரமா, பயமா, சுகமாக இருக்கிறோம் என்ற எண்ணமா?

2. புதிய விதையொன்றை நீதியாகப் பரீட்சிக்க நாம் என்ன செய்வோம்? "இதைக் குடித்தால் இருதய அடைப்புக் கரையும்" என்று விற்கப்படும் மருந்தொன்றைப் பற்றி நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் எவை?

3. இந்தக் கிழமை எமது சமையலில் உப்பைக் குறைக்க எந்த இரண்டு மாற்றங்களைச் செய்யலாம்?

4. கிளினிக்குக்குப் போக முடியாத முதியோரின் பட்டியலை யார் எழுதுவது? அவர்களை யார் போய்ப் பார்ப்பது?